என் கதவைத் தாண்டிப் போனவர்கள்

செந்தில் பெங்களூரிலிருந்து போன் செய்தபோது ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் காலைப் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். "சார், தனலட்சுமி மேடம் போயிட்டாங்களாமுங்க" என்றான். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டான்.

மேடத்தை அறிந்த உங்களுக்கு இந்த அஞ்சலியில் அவர் பெருமையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். எனக்குத் தெரிந்தது அந்தப் பக்கம்தான்.

எண்பதுகளின் நடுவில் நூல் மில்களின் சம்பளக் கணக்கையும் சரக்கிருப்பையும் ஏற்றி வைக்கும் கம்ப்யூட்டர் பிரிவில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் எனக்கு, பாதிப் பேர் அவருக்கு. பதிவுகள் கெட்டுப்போனால் மீட்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். கரண்ட் நினைத்தபோது போய்வந்த காலம், அதனால் அடிக்கடி கெட்டது. நான் விதிகளை மனப்பாடம் செய்யவைத்தேன். அவரோ ஒரு பிளாப்பியின் நகலைத் தானே கெடுத்து, "இத மீட்டுக் குடுங்க சாமி" என்று கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பொறுப்பில்லாத வேலை என்று நினைத்தேன். பிள்ளைகள் மீட்டும் கொடுத்தார்கள். அதுதான் கூடுதல் எரிச்சல்.

செந்தில் என்னிடம் பயிற்சி பெற்றவன். ஒரு மதியம் கரண்ட் போய் வந்ததும் சரக்கிருப்புப் பதிவு திறக்கவில்லை. அவன் பதறி எழுந்து வந்தான். முதலில் இருப்பது என் அறை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் கதவைத் தாண்டி மேடத்தின் அறைக்குப் போனான். பின்னாலேயே போய் வெளியில் நின்றேன்.

"மொதல்ல தண்ணி குடி சாமி. இனி அந்த டிஸ்க்ல எதையும் எழுதாத. கடைசியா என்ன பண்ணுன, சொல்லு" என்றார். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். முந்தைய நாள் நகல் எடுத்து வைத்த டேப்பை வேறொரு டிஸ்க்கில் இறக்கி, அன்றைய ரசீதுகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார். எல்லாம் வந்துவிட்டது.

சாயங்காலம் திருச்செங்கோடு பஸ்ஸுக்கு நின்றவரிடம் கேட்டே விட்டேன். "ஏனுங்க, என் பையன் உங்ககிட்ட எதுக்குங்க வாரான்?"

"பயந்துட்டே வந்தா பாதிதான் சொல்லுவாங்க. பாதிய வெச்சு எதை மீட்கறதுங்க?"

பதில் எனக்குப் பிடித்தது. சொன்னவரைப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவரே ஒரு தவறு செய்தார். பழைய டேப்பை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் மேலேயே இறக்கி, அன்றைய பதிவுகளை அழித்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் பார்க்க நேராக என் அறைக்கு வந்தார். "நாந்தானுங்க பண்ணிப்போட்டேன். வந்து பாருங்க." நடுப்பகலில் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். அதை வைத்து நான் மீட்டுக் கொடுத்தேன். இன்றைக்காவது நம் பெயரைச் சொல்வார்கள் என்று டீக்கடைக்குப் போனால், செந்தில் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மேடம் ஒளிக்காம வந்து சொன்னாங்க பாத்தியா?" தவறு செய்தும் ஒரு மனுஷி பெயர் வாங்க முடியுமா? அன்று எனக்கு வயிறு எரிந்தது. ஓய்வு பெறும்வரை அந்த எரிச்சல் முழுதாக அடங்கவில்லை.

போனில் செந்தில் அழுதுகொண்டிருந்தான். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், "மொதல்ல தண்ணி குடி சாமி" என்று என் வாயில் வந்தது. அவருடைய வார்த்தை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து காது கொடுத்ததில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேறு யாருக்கெல்லாம் சொன்னாய் என்று கேட்டேன்.

"இன்னும் யாருக்கும் சொல்லலீங்க சார். மொதல்ல உங்ககிட்டத்தான்."

மேடம், ஒருவழியாக அவன் என்னிடம் வந்துவிட்டான். என் கதவைத் தாண்டிப் போவதற்கு இனி அங்கே உங்கள் அறை இல்லை.