வட்டக்கானல் பாறையில் அக்கா கேட்டது

நீல நிறத்தில் ஒரு முதுகுப்பை. ஒரு பக்கத்து வார் அறுந்துபோய், சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு சின்ன விடுதியில் நான் வரவேற்பறை வேலை பார்த்த காலத்தில், பெங்களூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் டார்மிட்டரிக் கட்டிலுக்கு அடியில் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து கேட்பார் என்று ஒரு வருஷம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். வரவில்லை. ஒரு பங்குனி மாதக் காலையில் அந்தப் பையைத்தான் அக்கா சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, என் அறையில் தொங்கிய சின்னக் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எப்படிடி இருக்கு? உங்க லாட்ஜுக்கு வர்ற பிள்ளைங்க மாதிரி இருக்கேனா?" என்றாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் கார் வைத்துச் சுற்றுகிறவர்கள் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து அரசுப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் எடுப்பார்கள். காலையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸிலும் நடந்தும் அருவி, காடு, பாறை என்று அலைந்துவிட்டு, சாயங்காலம் சேறு அப்பிய காலோடு திரும்புவார்கள். அவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே எனக்கு எல்லா இடமும் தெரியும். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவர்களைப் பற்றி போனில் அக்காவிடம் கதை கதையாகச் சொல்வேன். பாலசமுத்திரத்தில் பிறந்து, வீட்டு வாசலிலிருந்தே இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்தது பெரியகுளத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தாலும் இதே மலைதான், மறுபக்கம். "ரெண்டு பக்கமும் அடிவாரத்துலயே கெடக்கேன். ஒரு நாள் மேல வரணும்டி" என்பாள்.

ஒரு நாள் வந்துவிட்டாள். எனக்குக் கடுமையான காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூன்று வயது மகளை அழைத்து வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பிள்ளைய விட்டுட்டுப் போன்னு சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அதன் அர்த்தம் அன்று எனக்கு உறைக்கவில்லை. மருமகள் திரும்பி வருவாளா என்று சந்தேகப்படுகிறவர்கள்தான் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பதை யோசிக்கிற வயதில் நான் இல்லை. அதைவிட, யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரியாக இருக்கும். அந்த மாதம்தான் எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு வரன் கூடி வந்திருந்தது.

வெள்ளனே கிளம்பிப் பூம்பாறை பஸ்ஸைப் பிடித்தோம். ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தேன். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள். ஊர் வருவதற்கு முன்பே இறங்கி, சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வயலில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எந்த ஊருங்க? அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், பக்கத்துப் பாத்தியிலிருந்து நாலு கேரட்டை உருவி வாய்க்கால் தண்ணீரில் அலசி, "தின்னுங்க, தின்னுக்கிட்டே நடங்க" என்று நீட்டினார். அக்கா இலையோடு கடித்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, அந்த அம்மாவோடு சேர்ந்து ஒரு வரிசை பூண்டு பிடுங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். கையை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

திரும்பிக் கொடைக்கானலுக்கு வந்து, வட்டக்கானலுக்கு நடந்தோம். வழியில்தான் அதைக் கவனித்தேன். நான் அவளுக்கு இடப்புறம் வரும்போதெல்லாம், அவள் நடையை நிறுத்திச் சுற்றிக்கொண்டு என் மறுபக்கம் வந்துவிடுவாள். மூன்றாவது முறை, "என்னக்கா, கண்ணாமூச்சியா ஆடுற?" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே, "இந்தக் காது கேக்காதுடி. பொங்கலுக்கு முன்னாடி அவரு ஓங்கி ஒண்ணு வச்சாரு. அதுலருந்து இரைச்சலா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல" என்றாள். காய்கறி விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். "கூட்டிட்டுப் போகணும்ல யாராச்சும்" என்றாள். அருவிக்கு வந்துவிட்டோம். அருவியில் அதிகம் தண்ணீர் இல்லை. பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். எனக்கு உறைக்கும் என்று என் பங்கிலிருந்த மிளகாயை அவள் தேடித் தேடி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அருவிக்கு அப்பால் மர வேர்களே படிக்கட்டாகக் கிடக்கிற பாதையில் இறங்கினால், டால்பின் நோஸ் என்று சொல்கிற பாறை. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. மேகம் விலகியிருந்தது. கீழே வெகுதூரத்தில் சமவெளி, நடுநடுவே கண்மாய்கள் வெயிலில் மின்னின. அக்கா கையை நீட்டி, "அந்தா, அந்தக் கண்மாய்க்கு இந்தப் பக்கம்தான் எங்க வீடு. இங்கருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல பாத்தியா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நான் நம்ம வீட்டுக்கே வந்துறவா? பிள்ளையத் தூக்கிட்டு வந்துர்றேன். அம்மா உன் பேச்சத்தான் கேக்கும். நீ ஒரு வார்த்த சொல்லு."

நான் சொன்ன பதிலை இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "இப்ப வேணாங்க்கா. அடுத்த மாசம் பூ வைக்க வர்றாங்க. இந்த நேரத்துல நீ வந்து உக்காந்தா அவங்க என்ன நெனப்பாங்க? என் கல்யாணம் முடியட்டும். கொஞ்சம் பொறுத்துக்க." அவள் உடனே தலையாட்டினாள். கொஞ்சமாவது வாதாடியிருக்கலாம். "ஆமாடி, அதுவும் சரிதான். எனக்குத் தோணாமப் போச்சு" என்று சொல்லி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பிறகு எனக்குக் கை கொடுத்து மேலே தூக்கிவிட்டாள். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது, வெரசா நட என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக என் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்லிர்றேன்" என்று சிரித்தாள்.

வைகாசியில் என் கல்யாணம் நடந்தது. இரண்டு நாள் முன்னதாகவே வந்து அத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தாள். எனக்குத் தலை பின்னியது அவள்தான். பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். நாங்கள் மறுவீட்டுக்கு வந்தபோது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கணவரோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். ஐப்பசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டிலேயே போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. அவள் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தும் எங்களைக் கூப்பிடவில்லையாம்; பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நினைவு தப்பியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குத் துணி போர்த்தியிருந்தார்கள். கருமாதி முடிந்த மறுநாளே, எந்தப் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தார்களோ அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அம்மாதான் வளர்த்தார்.

அந்தப் பிள்ளை இப்போது மதுரையில் கல்லூரி முடிக்கப்போகிறாள். லீவு விட்டால் தோளில் ஒரு பையோடு எங்காவது கிளம்பிவிடுகிறவள். போன மாதம் போன் செய்து, "சித்தி, கொடைக்கானல் போலாமா? கார் எல்லாம் வேணாம். பஸ்ல போய், நடந்து சுத்திட்டு அன்னிக்கே வந்துரலாம்" என்றாள். மறுக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. வட்டக்கானல் வழியெல்லாம் இப்போது கடைகள். பாறையில் ஏறி நிற்க வரிசை. படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா இங்க வந்துருக்காங்களா சித்தி?" என்று கேட்டாள். வந்திருக்கிறாள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. பூண்டு வயலிலிருந்து தொடங்கி, காது, எலுமிச்சைச் சாதம், அவள் கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பாமல், "உங்க கல்யாணம் முடிஞ்சதுக்கு அப்புறம் அம்மா ஏன் திரும்பக் கேக்கல?" என்றாள். தெரியவில்லை என்றேன். "நீங்க ஏன் கேக்கல?" என்றாள். இதைத்தான் இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதிலை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். "அவ வாயத் திறக்கலியேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா."

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் நாலு சீட் முன்னால் போய் உட்கார்ந்தாள். மலை இறங்கி முடிகிற வரைக்கும் அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னல்கூட அக்காவுடையது போலத்தான். வத்தலக்குண்டில் நான் திண்டுக்கல் பஸ்ஸுக்கும் அவள் மதுரை பஸ்ஸுக்கும் மாற வேண்டும். இறங்கி என் எதிரே வந்து நின்றாள். எப்போதும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்கிற பிள்ளை, "போறேன் சித்தி" என்றாள். நான் தலையாட்டினேன். மதுரை பஸ் கிளம்பிப் போன பிறகும், என் பஸ் வந்து நின்றதை வெகுநேரம் கவனிக்காமல் அங்கேயே நின்றிருந்தேன்.