ஆசிட் கேனைத் திறக்க விடாதவள்

தக்காளி காய் பிடிக்கிற நேரத்தில் எங்கள் நிலத்துச் சொட்டுநீர்க் குழாய்களில் தண்ணீர் சொட்டும் டிரிப்பர்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. ஏரியூர்ப் பக்கம் எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். ஓடி ஓடி, சொட்டும் துளைகளில் வெள்ளையாகக் கட்டிவிடும். காலையிலேயே செடிகளின் தலை தொங்குவதைப் பார்த்துப் பயந்துபோய், கடையில் ஒரு கேன் ஆசிட் வாங்கி வந்தேன். உரம் கலந்து விடும் டேங்கில் அப்படியே ஊற்றினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

என் மனைவி கேனைத் திறக்க விடவில்லை. அவள் தருமபுரியில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். "ஒரு மணி நேரம் குடுங்க. பாத்துட்டுச் செய்யலாங்க" என்றாள்.

மூன்று கண்ணாடி டம்ளர்களைக் களத்து மேட்டில் வைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தாள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட். ஒன்றில் பாதிக்குப் பாதி, இன்னொன்றில் நாலில் ஒரு பங்கு, கடைசியில் பத்தில் ஒரு பங்கு. மூன்றிலும் மொத்தம் பத்து மில்லி. குழாய் வாயிலிருந்து பெயர்த்த உப்பை ஒரே அளவுத் துண்டுகளாக்கிப் போட்டுவிட்டு, நேரம் பார்க்கப் போனை என் கையில் கொடுத்தாள்.

பாதிக்குப் பாதி டம்ளர் சீறிக்கொண்டு நுரைத்தது. உப்பு பொத்துப் பொத்தென்று உடைந்து சில்லுகளாய்ச் சிதறியது. நடு டம்ளரில் வேகம் குறைவு. மூன்றாவதில் குமிழிகள் ஒவ்வொன்றாகத்தான் எழுந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது, உப்பு மிச்சமிருந்தது.

இது வேலைக்காகாது என்றேன். அவள் அதே கலவையில் இன்னும் பத்து மில்லி சேர்த்தாள். மறுபடி குமிழி வந்தது, உப்பு முழுசாகக் கரைந்தது.

"கெட்டியா இருந்தா வேகம் அதிகம். ஆனா எவ்வளவு உப்பு கரையும்ங்கறது எவ்வளவு ஆசிட் போடுறோம்ங்கறத பொறுத்ததுங்க. நமக்கு வேகம் வேண்டாம், முழுசா கரையணும். சில்லு பேந்தா அடுத்த துளையில போய் அடைச்சுக்கும்" என்றாள்.

அவள் கணக்குப்படி, நீர்த்த கலவையைக் குழாய்களில் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் முனைகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். அடைப்பு மிச்சமிருந்தால் இன்னொரு தடவை. முதல் பத்து வரிசையை அப்படியே செய்தோம். கடைசி நாலு வரிசை பாக்கியிருக்கும்போது அவள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துவரப் போனாள். மோட்டார் ஓட்டும் மூன்று பேஸ் கரண்ட் நிற்கப்போகிறது என்று அவசரப்பட்டு, நான் ஆசிட்டைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பத்து வரிசையில் சொட்டு ஒழுங்காக விழுந்தது. என் நாலு வரிசையில் முன்பக்கம் நன்றாகச் சொட்டியது, வால்பக்கம் முழுக்க வறண்டு கிடந்தது. ஒரு டிரிப்பரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைச் சில்லுகள். செய்ததை ஒப்புக்கொண்டேன்.

அவள் திட்டவில்லை. ஒரு முறத்தையும் இரண்டு ஊக்கையும் எடுத்துவந்து வரப்பில் உட்கார்ந்தாள். வால்பக்கத்து டிரிப்பர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குத்தி, கழுவி மாட்ட இருவருக்கும் இரண்டு பகல் ஆனது. அந்த இரண்டு நாளும் குடத்தில் தண்ணீர் சுமந்து செடிகளுக்கு ஊற்றினோம். சில செடிகள் செத்துவிட்டன, மற்றவை பிழைத்தன.

விஷயம் தெரிந்து பக்கத்து நிலத்துக்காரர் வந்து, எவ்வளவு ஆசிட் ஊற்றணும் என்று அவளிடமே கேட்டார். சொல்லிவிட்டிருந்தால் அவளுக்குப் பெருமைதான். சொல்லவில்லை.

"உங்க தண்ணி வேறைங்கண்ணா, உங்க உப்பும் வேற. ரெண்டையும் கொண்டாங்க, சேந்து பாக்கலாம்" என்றாள்.

அவர் ஒரு பாட்டில் தண்ணீரும் உப்பு கட்டிய ஒரு துண்டுக் குழாயுமாக வந்து நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர், யார் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவர். அன்றைக்கு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குமிழி நிற்கிறவரைக்கும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.