உடைந்த குடையில் ஓர் உறை

குடும்பத்தின் முதல் டிகிரி நனைந்துவிடக் கூடாதென்று, உடைந்த குடையின் துணியில் என் ஃபைலுக்கு உறை தைத்திருந்தார் அம்மா. அதை வெளியே எடுக்கவே எனக்குக் கூச்சம்.

இன்று தி.நகரில் இன்டர்வியூ. வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அங்கே பாதிப் பேர் மார்க் ஷீட்டை ஃபேனுக்கடியில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

சான்றிதழ் பார்த்த மேடம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கம்மா வாங்குன?"

"எங்கம்மா தச்சது, மேடம்!"

அறை முழுக்கக் கேட்டது. நானா பேசினேன்?

வெளியே வந்ததும் போன் செய்தேன்.

"வேல கெடச்சிடுச்சும்மா!"

"அது கெடக்கட்டும்டி. உள்ள தண்ணி பூந்துச்சா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல!"

மேடம் தன் மகளுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். உடைந்த குடை வைத்திருப்பவர்கள் உடனே சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் நல்ல குடையை அம்மா பார்க்கும் பார்வை சரியில்லை.