மர்மக் காய்ச்சல்

மதினி என்றதும் அவள் மடியில் இருந்த நீலநிற ஐஸ் பெட்டிதான் கண்முன் வருகிறது. தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி மழைக்காலம். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். மதினி அரசு மருத்துவமனையில் நுண்ணுயிரியல் டாக்டர். அண்ணன் வெளியூரில் இருந்ததால், பேட்டைப் பட்டறை வேலை முடிந்து நான் துணைக்குப் போயிருந்தேன். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வலிப்போடு வந்து இறந்துபோன ஒரு சிறுமியின் இரத்தமும் முதுகுத்தண்டு நீரும் பெட்டிக்குள் இருந்தன. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் அதை எங்களிடமிருந்து வாங்கி, ரயிலில் வடக்கே உள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.

முடிவு வந்தது. மதினி சந்தேகப்பட்டபடியே மூளைக்காய்ச்சல். வயல் தண்ணீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்து பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் வைரஸ். குடியிருப்பை ஒட்டிய பன்றிகளை அப்புறப்படுத்த வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தருவிக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். "பேரச் சொன்னா ஜனங்க பயந்துருவாங்கம்மா. மர்மக் காய்ச்சல்னே இருக்கட்டும்" என்றாராம் அவர். பத்திரிகைகளிலும் அப்படித்தான் வந்தது.

இறந்த சிறுமியின் தாய் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தாள். "டாக்டரம்மா, எம்பிள்ளைக்கு என்ன நோவுன்னாவது சொல்லுங்க. வீட்டுல இன்னொண்ணு கெடக்கு" என்று அழுதவளிடம் மதினி உண்மையைச் சொல்லிவிட்டாள். ஊர் திரண்டு வந்து அதிகாரியைக் கேள்வி கேட்டது. அதற்குக் கிடைத்த பதில் தடுப்பூசி அல்ல, மதினிக்கு இடமாற்றம். அவள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளையும் போன செய்தி வந்தது. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அழவில்லை.

அந்தக் கிராமத்தில் சேகரித்த மாதிரிகளை வைத்துப் பிற்பாடு வெளிநாட்டு ஏடுகளில் கட்டுரைகள் வந்தன. கருத்தரங்குகள் நடந்தன. அந்தத் தாய்க்கு அவற்றால் ஒன்றும் ஆகவில்லை.

கொரோனாக் காலத்தில் மதினி வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். அதே அதிகாரி, ஓய்வுபெற்று நரைத்தவர், கொள்ளைநோயை எதிர்கொள்ள முன்கூட்டியே தயாராவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். மக்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றார். நான் சேனலை மாற்றப் போனேன்.

"இருக்கட்டும்லே, நல்லாத்தான பேசுதாரு" என்றாள் மதினி. பிறகு, "அந்த ரெண்டாவது பிள்ளை பேரு மட்டும் அவருக்குத் தெரியுமான்னு கேக்கணும்" என்றாள்.

அவர் பேசி முடிக்கும்வரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.