பாதியில் நின்ற வரிகளுக்கு ஒரு வாசகர்

மார்கழிப் பனி ஆற்றிலிருந்து ஏறி எங்கள் தெருவரை வந்திருந்த காலையில், ஆவுடையப்பன் சாரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா போயிட்டாங்க மாமா" என்றான். தூக்கத்திலேயே போயிருக்கிறார். அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு அது கனவில் யாரோ சொன்னதுபோல்தான் பட்டது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் படுத்திருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவர் தத்துவம் நடத்தினார், நான் உளவியல். ஒருநாள் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். மனத்தைப் பற்றி வெளிநாட்டுத் தத்துவஞானி ஒருவர் எழுதிவைத்த குறிப்புகள். அவர் இறந்த பிறகு மாணவர்கள் தொகுத்தவை. பல வரிகள் கேள்வியோடு நின்றிருந்தன. சோதனை இல்லை, முடிவு இல்லை. ஆள் போனபின் மேசையைக் கூட்டி அள்ளியதெல்லாம் உளவியல் ஆகுமா என்று கேலி செய்தேன். சார் சிரித்தார்.

"அவரே முடிச்சு வச்சிருந்தா நமக்கு அங்கன என்ன வே வேலை? பாதியில விட்டதுனாலதான் நாம போய் உக்கார இடம் இருக்கு."

அதன்பின் எத்தனையோ சாயங்காலங்கள் ஆற்றில் இறங்கும் குறுக்குத்துறைப் படிகளில் உட்கார்ந்தோம். ஒரு குறிப்பை வாசிப்பார், புத்தகத்தை மூடிவிடுவார். மருத மரங்களின் நிழல் தண்ணீரில் நீண்டு இருட்டோடு கலக்கும்வரை பேச்சே இருக்காது. அடுத்த குறிப்புக்கு அவருக்கு அவசரமே கிடையாது. எனக்குத்தான் வீட்டுக் காப்பி நினைவு வரும்.

ஓய்வு பெற்றபின் என் மனைவி கோமதிக்கு மறதி நோய் வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. என் பெயரும் போயிற்று. நான் உளவியல்காரன் அல்லவா, காலையில் புகைப்படங்களைக் காட்டி, நான் யார் என்று கேட்பேன். அவள் மிரண்டுபோய்ச் சேலை நுனியைத் திருகுவாள். அவளுக்கு நான் யாரோ ஆகிவிட்டேனோ என்ற பயம் என்னைத் தின்றது. அவள் மிரள்வதைப் பார்த்த அன்றுதான் சார் என்னிடம் கடிந்து பேசினார்.

"மதினிக்குப் பரீட்சை வைக்காதேயும். தெரியும்ங்கிறது உள்ள பூட்டி வச்ச சாமானா வே? தெரிஞ்சவங்க என்ன செய்வாங்களோ, அதைப் பைய பாத்துக்கிட்டு இரும்."

படங்களை எடுத்து வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். காப்பி வந்தால், என் டம்ளரில் மிதக்கும் ஆடையை விரலால் எடுத்துவிட்டுத்தான் கோமதி என் பக்கம் நகர்த்துகிறாள். எனக்கு ஆடை பிடிக்காது. அதைக் கவனித்த அன்று சந்தோஷத்தில் அழுதேன். முடிவு சொல்லாத அந்த வரிகள் சாருக்குப் பொறுமையாகப் பார்க்கக் கற்றுத் தந்திருக்கின்றன; நான் கற்ற சோதனைத் தாள்களில் இது இல்லை.

துக்க வீட்டுக்கு அவளையும் கூட்டிப்போனேன். சாரைக் கண்ணாடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். கோமதி கண்ணாடியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தன் சால்வையைக் கழற்றி, பெட்டியின்மேல் அவர் கால்மாட்டில் விரித்தாள்.

"குளுருதுல்லா" என்றாள். அவள் வாயைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அம்மாவுக்கு ஆளைத் தெரிகிறதா என்று ஓர் உறவினர் என்னிடம் கேட்டார். சால்வையை எடுக்க வந்த கையைத் தடுத்தேன். அது அவரோடு ஆற்றங்கரைவரை போயிற்று.

போயிட்டு வாரும், சார்.