அக்காவுக்கு அனுப்பிய பூசை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவேன். பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். சினிமா பார்த்தால் பாட்டை ஓட்டிவிடுவேன். இப்படிப்பட்டவனை நாற்காலியில் கட்டிப்போட்டு, ஒரு பூசையை அது நடந்த அதே வேகத்தில் இன்னொரு முறை பார்க்கவைத்தது, குவைத்திலிருந்து என் அக்கா அனுப்பிய ரெக்கார்டர்.

டிவியில் வருவதைத் தன் ஹார்டு டிஸ்கில் பதிந்துகொள்ளும் பெட்டி அது. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. பதிந்ததை டிவிடியில் எழுதி வெளியே எடுக்க ஒரு தட்டும் இருந்தது. ஆனால் முட்டத்துக்கு இந்தப் பக்கம் கடலை ஒட்டிய வீடு எங்களுடையது. உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது. அந்தத் தட்டு ஒரு வருஷத்தில் படுத்துவிட்டது. அதன் பிறகு பெட்டிக்குள் போனது எதுவும் வெளியே வருவதில்லை. அம்மாவின் சீரியல்கள் உள்ளேயே கிடந்தன. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருஷத் திருவிழாவில்தான் போதாமல் போயிற்று. எங்கள் ஊரில் திருவிழா முடிவதற்கு முந்தின நாள் காலைப் பூசையில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுப்பார்கள். முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்பதால் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் நெட்டு முக்காடு, கையில் மெழுகுதிரி என்று வீடே அமர்க்களப்படும். உள்ளூர் கேபிளில் அதை நேரடியாகக் காட்டுவார்கள். அந்த முறை வரிசையில் அக்காவின் மகளும் நின்றாள். அத்தான் கொச்சியில் விசைப்படகுக்குப் போகிறவர் என்பதால், சின்ன வயதிலிருந்தே அவள் எங்களோடுதான். அக்காவுக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஊரார் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவளுக்குத் தன் பிள்ளையின் விசேஷத்துக்கு லீவு இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

"பூசை முழுசும் வேணும் மக்கா," என்றாள் போனில். "ஆரம்பத்துலேந்து கடைசி ஆசீர்வாதம் வரை. நானும் கூட நின்னு பூசை கண்டது மாதிரி இருக்கும்லா."

ரெக்கார்டரில் பதிந்தாயிற்று. இனி அதை வெளியே எடுக்க வேண்டும். ஒரே வழிதான் இருந்தது. பெட்டியின் பின்னாலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை என் கம்ப்யூட்டரின் டிவி கார்டில் செருகி, பெட்டியில் பூசையை ஓடவிட்டு, அது ஓட ஓடக் கம்ப்யூட்டரில் பதிந்து, அங்கே டிவிடி போட வேண்டும். ஃபைலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுகிற சமாச்சாரம் இல்லை இது. சாமியார் எவ்வளவு நேரம் பிரசங்கம் வைத்தாரோ அவ்வளவு நேரமும் ஆகும்.

திருவிழாவுக்கு வந்திருந்த பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் திருவிழா முடிந்த மறுநாள் மத்தியானம் குவைத்துக்குத் திரும்புவதாக இருந்தது. ஆள் போகிறது என்று தெரிந்தால் எங்கள் ஊரில் அவர் பெட்டியில் பாதி ஊரார் பெட்டி. நெத்திலிக் கருவாடும் முறுக்கும் மாங்காய் ஊறுகாயுமாக ஆளாளுக்கு ஒரு பொதியோடு வந்து நிற்பார்கள். "டிவிடிக்கு என்ன எடை? ஒரு மணிக்கு வண்டி எடுக்கதுக்கு முன்னால கொண்டுவா," என்றிருந்தார். அவரை விட்டால் அடுத்த ஆள் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

கரண்ட் கட் காலம் அது. பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்கு வரும். பத்துக்குள் முடித்துவிடலாம் என்று அன்று விடிந்ததும் வயர்களைச் செருகினேன். முதல் தடவை படம் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை சத்தம் மட்டும் வந்தது. வெள்ளை வயரின் முனையில் பச்சை பிடித்திருந்தது. வேட்டி நுனியால் தேய்த்துச் செருகி, எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

அந்தக் கார்டு பதிந்துகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் தொடக்கூடாது; தொட்டால் படம் திக்கும். எனவே நானும் பூசை கண்டேன். பவனி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாடற்குழு ஒரு வரியை நான்கு முறை பாடியது. எழுந்து நடந்தேன். திரும்பி வந்தால் ஐந்தாவது முறை. பிரசங்க நேரத்தில் நாங்கள் இளவட்டங்கள் கோயிலுக்கு வெளியே தென்னை மூட்டு நிழலில் நிற்பதுதான் வழக்கம். புதுநன்மை அன்றைக்கும் அப்படித்தான் நின்று தப்பித்திருந்தேன். தப்பித்த பிரசங்கம் வீட்டுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

"சாமி, சீக்கிரம் முடிச்சிருங்க," என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மீன் கழுவிய கையோடு அம்மா எட்டிப் பார்த்தாள். திரையில் பிள்ளைகள் வரிசைக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஏலே, கவுனு தெரியுதுல்லா!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்கா குவைத்திலிருந்து ஒரு கவுன் அனுப்பியிருந்தாள். கடையில் வயதைச் சொல்லி, அந்த வயதுக்கென்று எழுதியிருந்ததை வாங்கியிருக்கிறாள். பிள்ளையோ அத்தானைப் போல நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கவுன் தோளைத் தாண்டி இறங்கவில்லை. முட்டம் டெய்லரிடம் புதுத் துணி கொடுத்துத் தைத்து, அக்கா அனுப்பியதிலிருந்து லேஸை மட்டும் பிரித்து இதில் வைத்தோம். போனில் அவள் கேட்டபோது, "சிக்குனு இருக்கு மக்களே, நீ எடுத்தது அளவெடுத்தது மாதிரி," என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"பாத்தா என்ன இப்பம்?" என்றேன்.

"உனக்கு என்னலே தெரியும்? உன் அக்காளுக்குப் புதுநன்மைக்கு நான் இரவல் கவுனுதான் உடுத்துவிட்டேன். தரையில இழுபட்டு நடந்தா. பெத்த மவளுக்கு அப்பிடி வரப்பிடாதுன்னுதான் அங்கேந்து எடுத்து அனுப்புனா. கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு."

"எது கெட்டுப்போச்சு?"

"அந்தப் பெட்டிதான். அதுல ஒரு எழவும் வெளிய வராதுன்னு அவளுக்குத் தெரியும்லா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாதிக் கோபம் அம்மாமேல், மீதி கடிகாரத்தின்மேல். "பிள்ளையைப் பாக்கணும்னுதான் கேக்கா. கவுனுக்காகப் பிள்ளையை மறைப்பியா?" என்று கத்தினேன். அம்மா அதைவிட உரக்கக் கத்தினாள். அந்தச் சத்தத்தின் நடுவில் மின்விசிறி நின்றது. டிவி அணைந்தது, ரெக்கார்டர் அணைந்தது. யு.பி.எஸ். தயவில் கம்ப்யூட்டர் மட்டும் கூவிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதுவரை பதிந்ததைக் காப்பாற்றினேன். பவனி இருந்தது, பிரசங்கம் ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. பிள்ளை நற்கருணை வாங்குவதற்கு முன்னால் நின்றுபோயிருந்தது.

அந்த இரண்டு மணி நேரம் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஈ.பி. ஆபீசுக்கு போன் போட்டேன், எடுப்பார் இல்லை. பக்கத்துத் தெருவுக்கு பைக்கில் போய்ப் பார்த்தேன். அண்ணன் வீட்டு முற்றத்தில் பெட்டியைத் தராசில் தொங்கவிட்டு, யாருடைய கருவாட்டை எடுப்பது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடித்தும் கரண்ட் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஒருவழியாக விசிறி அசைந்தது. அம்மா எழுந்து என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள். போகிறபோக்கில் ரெக்கார்டரின் சுவிட்சை அவளே தட்டிவிட்டாள்.

"பிள்ளை வாற இடத்துலேந்து போடு. கடைசி ஆசீர்வாதத்துக்கெல்லாம் நேரம் இல்ல," என்றாள் உள்ளேயிருந்து.

அந்த இடத்தைத் தேடிப்பிடித்து ஓடவிட்டேன். எங்கள் பிள்ளை வந்தாள். கைகூப்பி, தலை குனிந்து, வரிசையில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக. நற்கருணை வாங்கித் திரும்பியவள், கேமராவைப் பார்க்கக்கூடாது என்று கன்னியாஸ்திரி படித்துப் படித்துச் சொல்லியும், நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. அந்த நேரம் மட்டும் பூசை சீக்கிரம் முடிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிவிடி எழுதி முடித்து, ஆறாத சூட்டோடு சட்டைக்குள் வைத்துக்கொண்டு பறந்தேன். வண்டி கிளம்பி நின்றது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஓய்வு. அதுவரை நான் செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று அம்மா தினமும் ஒரு கதை கட்டினாள். அக்கா அனுப்பிய கவுன் துவைத்ததில் சுருங்கிவிட்டது என்பதில் வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் போனை என் கையில் திணித்துவிட்டு விலகி நின்றுகொண்டாள்.

அக்கம்பக்கத்தில் வேலை பார்க்கும் கூட்டுக்காரியின் அறையில் டிவிடியைப் பார்த்ததாக அக்கா சொன்னாள். பிறகு, "நான் எடுத்த கவுனு அவளுக்குப் பத்தலியா?" என்றாள்.

சுருங்கின கதை என் வாயில் வரவில்லை. "பத்தல," என்றேன்.

"நான் விட்டுட்டு வந்த உசரத்துலயே அவ நிக்கான்னு நெனச்சு எடுத்துட்டேன் மக்கா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கிறிஸ்மசுக்கு எடுக்கணும். இனி வயசு சொல்லி எடுக்க மாட்டேன். ஆளு வரும்போ அவ உசரத்துக்கு ஒரு நூலு வெட்டி அனுப்பு. கட்டிலுக்குப் பக்கத்துல தொங்கவிட்டுக்கிடுவேன்."

எங்கள் வீட்டில் வலை நூலுக்குப் பஞ்சமில்லை. அன்று சாயங்காலமே பிள்ளையைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, காலடியிலிருந்து உச்சந்தலைவரை நூலை இழுத்துப் பிடித்தேன். உயரம் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் பெருவிரலில் எம்பிக்கொண்டு நிற்கிறாள்.

"குதிகாலைக் கீழ வைட்டி," என்று அதட்டினேன்.

அவள் வைக்கவில்லை. "இது அம்மைக்கிட்ட போய்ச் சேருகதுக்குள்ள நான் இவ்வளவு வளந்துருவேன்லா மாமா," என்றாள்.

அவள் எம்பி நின்ற உயரத்திலேயே நூலை அறுத்தேன்.