நீல டேங்க் வண்டிக்காரர்

நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார்கள். கை இறங்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். தப்பித்தவறி யாராவது முகத்தைப் பார்த்தால் அது திட்டுவதற்காகத்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் புகைக்குள்ளேயே நின்றவர் அவர். ஊதலைவிட அவருடைய குரல் இன்னும் கீச்சென்று இருக்கும் என்பதால் காவல் நிலையத்தில் அவருக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய மனைவிக்கே சில நேரம் வாய் தவறி அந்தப் பெயர் வந்துவிடும்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவரை ஊருக்கு வெளியே பாலத்தடிச் சோதனைச் சாவடிக்கு மாற்றினார்கள். ஒரு தார்ப்பாய் நிழல், இரண்டு தடுப்புகள், ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் சாவடி. அங்கே போக நேரத்துக்குப் பேருந்து கிடையாது. டயர் கடை வைத்திருந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேற்றிக் கொடுத்தார். வண்டி கறுப்பு. அதன் டேங்க் துருப்பிடித்துப் போயிருந்ததால் வேறொரு வண்டியின் டேங்கைக் கழற்றி மாட்டியிருந்தார். அது பளீரென்ற நீலம். எவ்வளவு தூரத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

முதல் வாரமே அது நடந்தது. குளிருக்காகச் சீருடைக்கு மேல் மழைக்கோட்டு போட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து இரண்டு விரலைத் தாழ்வாக நீட்டிவிட்டுப் போனார். விசில் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொருவர் தலையை அசைத்தார். டயர் ஏதாவது இறங்கிவிட்டதோ என்று இவர் நிறுத்திக் குனிந்து பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சாயந்தரம் மச்சானிடம் கேட்டபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வழியில் ஒருவருக்கொருவர் அப்படித்தான் செய்துகொள்வார்கள், தெரிந்தவரா தெரியாதவரா என்பதெல்லாம் இல்லை, வண்டி நின்றுவிட்டால் நின்று கேட்பார்கள், வழியில் மண் சரிந்திருந்தால் காலை நீட்டிக் காட்டுவார்கள் என்று விளக்கிச் சொன்னார்.

விசிலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடி முன்னால் இரண்டு விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்து, கை சுளுக்கிக்கொண்டதா என்று கேட்டாள். அன்றிலிருந்து தேவைக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பினார்.

தினமும் பாலத்துக்கு முந்தைய வளைவில் ரொட்டிக்காரர் எதிரே வருவார். பின்னிருக்கையில் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் நிறைய ரொட்டி. அந்தச் சுமையோடு ஒரு கையை எடுத்தால் வண்டி சாய்ந்துவிடும். அதனால் அவர் கை காட்டமாட்டார். முன்விளக்கை ஒரு தரம் அணைத்துப் போட்டுத் தலையைத் தாழ்த்துவார். விசில் பதிலுக்குக் கை காட்டுவார். மழையானாலும் இது தவறியதில்லை. ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ரொட்டிக்காரர் வராத நாளில் விசிலுக்கு வேலையே ஓடாது.

இதில் ஒரு கூத்து இருந்தது. காலையில் கை காட்டியவர்களே பகலில் சாவடியைக் கடந்து போவார்கள். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் சீருடையில் நிற்கும் இவரைப் பார்த்ததும் கல்லுப் பிள்ளையார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவார்கள். அவருடைய வண்டி சாவடிக்குப் பின்னால் புதர் மறைவில் நிற்கும். நான்தானப்பா அது என்று சொல்ல அவருக்கு வாய் துறுதுறுக்கும். சொன்னதில்லை.

பிறகு சாவடிக்குப் புது அதிகாரி வந்தார். வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கடுப்பு. சோதனைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட்டு, கையில் காகிதத்தோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்கள். ஒரு வழக்கும் தேறவில்லை. காரணத்தை அவரே கண்டுபிடித்தார். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையில் தட்டிக் காட்டுகிறார்கள். ஹெல்மெட் உச்சியில் இரண்டு தட்டு தட்டினால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். விசிலுக்கு வண்டி இருப்பது தெரிந்ததும், சாதாரண உடையில் அந்தச் சாலையில் போய்வந்து யார் யார் தட்டுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி உத்தரவிட்டார்.

விசில் போனார். ஏழெட்டுப் பேராவது தட்டியிருப்பார்கள். திரும்பி வந்து, யாரும் தட்டவில்லை என்றார்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைக்கு நானும் பின்னாடி கார்ல வரேன்யா. உனக்குத்தான் கண்ணு சரியில்லையே” என்றார்.

மறுநாள் காலை சாவடியில் மற்றக் காவலர்களைச் சோதனைக்கு நிறுத்திவிட்டு, வாடகைக் காரில் அதிகாரி பின்னால் வர, விசில் முன்னால் போனார். ரொட்டிக்காரருக்கு இன்று காய்ச்சலாவது வந்திருக்கக்கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். வளைவில் அந்தப் பெட்டிகள் தெரிந்தன. முன்விளக்கு அணைந்து எரிந்தது. பிறகு, இத்தனை நாளும் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காத அந்த மனிதர் கையை எடுத்தார். வண்டி ஒரு பக்கம் தள்ளாடியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிமிர்த்தி, தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

வேண்டாம், போய்விடு என்று ஒரு சைகை காட்டியிருக்கலாம். பின்னால் கார் இருந்தது. விசிலின் இரண்டு கைகளும் கைப்பிடியிலேயே இருந்தன. கார் ஹாரன் அடித்துக்கொண்டு ரொட்டிக்காரரை மறித்தது.

தலையில் தட்டியதற்கு வழக்குப் போட முடியாது. அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, சுமை கைப்பிடியைவிட அகலமாக இருக்கிறது என்றார். அது உண்மைதான். பெட்டிகளை இறக்கி வெயிலில் வைக்கச் சொல்லி, மதியம் வரை வண்டியைப் பிடித்து வைத்தார். ஒதுங்கி நின்ற விசிலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து எழுதும்படி சொன்னார். ரொட்டிக்காரர் நீல டேங்கைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்காகத்தான் சார் கையை எடுத்தேன்” என்றார்.

பிறகு பெட்டிகளின் பக்கம் போய் வெயிலில் உட்கார்ந்தார்.

செய்தி பரவ நேரமாகவில்லை. மறுநாள் காலை எதிரே வந்தவர்களின் கைகள் எல்லாம் கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. விசில் கை காட்டினார். ஒருவர் வேண்டுமென்றே வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவர் ஹாரனை நீளமாக அழுத்திவிட்டுப் போனார். ரொட்டிக்காரர் வரவே இல்லை, அடுத்து வந்த நாட்களிலும் வரவில்லை. விசில் விடாமல் கை காட்டிக்கொண்டே போனார். இன்றைக்காவது ஒருவர் காட்டுவார் என்று போவார், கடுப்போடு சாவடியில் இறங்குவார். அங்கே அதிகாரி முதுகில் தட்டி, நல்ல வேலை செய்தாய் என்பார். அது இன்னும் எரியும்.

வீட்டில் சோறு குழைந்திருந்தது, சட்டையில் பொத்தான் இல்லை, மாடிப்படியில் யாரோ சைக்கிளை வைத்துவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் சத்தம் போட்டார். மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ரோட்டுல போறவங்க உங்களுக்கு முகம் கொடுக்கலைன்னா, வீட்ல இருக்கறவ மேல ஏன் பாயறீங்க? நான் எந்தச் செக்போஸ்ட்ல நின்னேன்?”

மச்சானிடம் போய்க் கொட்டினார். மச்சான் ஒரு டயரை உருட்டிக்கொண்டே வழி சொன்னார். டேங்குக்கு அரை நாளில் கறுப்பு அடித்துத் தருகிறேன், ஹெல்மெட்டையும் மாற்றிவிடு, ஒருவருக்கும் தெரியாது, பழையபடி எல்லோரும் கை காட்டுவார்கள் என்றார். விசிலுக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

“வேண்டாம் மச்சான். அவங்க கோபம் நியாயமானது. அதுக்கு மேல எப்படிப் பெயின்ட் அடிக்கறது?” என்றார்.

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டார். உனக்குக் கை காட்ட ஆளும் வேண்டும், கௌரவமும் வேண்டும் என்று முணுமுணுத்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியின் சங்கிலி அறுந்தது. விசில் ஓரமாக நின்றார். ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தது. இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஓட்டி வந்தவர் டேங்கைப் பார்த்தார், வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. போங்கள், எல்லோரும் போங்கள் என்று மழையில் கத்திவிட்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினார். மழைக்காகப் போட்டிருந்த செருப்பு ஒன்று சேற்றில் மாட்டி வார் அறுந்தது. அதையும் வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு தள்ளினார்.

பெட்ரோல் நிலையத்தின் கூரைக்குக் கீழே ரொட்டிக்காரர் நின்றிருந்தார்.

விசில் மன்னிப்பு என்று ஆரம்பித்தார். ரொட்டிக்காரர் கையால் நிறுத்தினார். திட்ட வேண்டும் என்று இத்தனை நாளாக வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டார். அன்று இரண்டு விடுதிகளில் பிள்ளைகளுக்குக் காலை ரொட்டி போகவில்லை. ரொட்டி ஆலை முதலாளி காலையில் ரொட்டி போடும் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இவர் இப்போது உச்சி வெயிலில் மறு பக்கத்துத் தடத்தில் அலைகிறார். சுமை அகலம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஆனால் அந்த அகலத்தோடு தினமும் சாவடியைத் தாண்டியபோது யாருக்கும் அது தெரியவில்லையே என்று கேட்டார். பெட்ரோல் போடுகிறவர்கூட குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் நல்லது செஞ்ச அன்னைக்குத்தான் சார் மாட்டினேன். அதுதான் ஆறமாட்டேங்குது” என்றார் ரொட்டிக்காரர்.

விசில் தலை குனிந்து நின்றார். நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் இருக்கிறார், சங்கிலி மாட்டித் தருவார் என்று ரொட்டிக்காரர் மோவாயால் காட்டினார். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்று சேர்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் விசில் அதிகாரி முன்னால் போய் நின்றார். இரண்டு காவலர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

“செக்போஸ்ட்ல நிக்கச் சொல்லுங்க சார், நிக்கறேன். என் வண்டியில தூண்டில் புழுவா இனிமே போகமாட்டேன்.”

அதிகாரி சத்தம் போடவில்லை. அன்று மாலையே மாற்றல் வந்தது. மீண்டும் நாற்சந்தி, மீண்டும் புகை. காவல் நிலையத்தில் கதவு சாத்தாத பழைய தகர அலமாரியையே திரும்பக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், வண்டிக்கு வேலை இல்லை. ரொட்டிக்காரருக்கு அதனால் காலைத் தடம் திரும்பி வந்துவிடவில்லை. விசில் ஆலைக்குப் போய் முதலாளியிடம் பேசிப் பார்த்தார். சீருடையைப் பார்த்ததும் அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார், ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விசில் வண்டியை எடுத்தார். மனைவியின் அக்கா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மனைவி பின்னால் உட்கார்ந்து வருவாள். எதிரே வருகிறவர்களுக்கு அவர் முன்போலவே கை காட்டுவார். புதியவர்கள் யாராவது காட்டுவார்கள். பழையவர்கள் காட்டமாட்டார்கள். ஒருநாள் வரிசையாக நாலைந்து பேர் பார்க்காமல் போனார்கள். இவர் முதுகு விறைப்பதைப் பின்னால் இருந்தவள் கவனித்திருக்க வேண்டும். அடுத்து வந்தவருக்கு, ரயிலில் வழியனுப்புகிறவள் மாதிரி கையை உயரத் தூக்கி ஆட்டினாள். அந்த ஆள் திகைத்துப்போய்த் தானும் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனார்.

“அப்படி இல்ல. கையைத் தாழ்த்தி, ரெண்டு விரல்தான் காட்டணும்” என்றார் விசில்.

“எப்படிக் காட்டினா என்னங்க, அவர் காட்டிட்டார்ல?”

அக்கா வீடு வரும் வரை அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. வழியில் அவள் இன்னும் மூன்று பேருக்குக் கை ஆட்டினாள்.